இலை போடாமல் தின்றது

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர், தம்பி. பெண் பார்க்க வந்தவர்கள் ஐந்து: பையன் லோகேஸ்வரன், அவன் அப்பா, அவன் அம்மா, அம்மாவின் அண்ணன், கூட்டி வந்த தரகர் சென்னியப்பன். எங்கள் பக்கம் நான்கு: நான், என் சம்சாரம் நல்லம்மாள், மகள் கோகிலவாணி, செத்துப்போன என் தம்பியின் சம்சாரம் சிவகாமி. அவன் இருந்திருந்தால் பத்து. பையன் இருந்த இருப்புக்கு அவனை இரண்டு பேராக எழுதலாம்தான். ஆனால் தலையைத்தான் எண்ண வேண்டும், உடம்பை எண்ணக் கூடாது. அதனால் ஒன்பது.

சிரிக்கிறீர்கள். கோபித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்களும் அந்த உடம்புதானே. தொண்ணூற்றெட்டுக் கிலோ இருப்பீர்களா? நூற்றி நான்கா. சரி, கண் ஆறு கிலோ பிசகிவிட்டது. உட்கார்ந்திருப்பவரை மதிப்பிடுவது சிரமம். வயது? இருபத்தேழு வயதில் நூற்றி நான்கு! எனக்கு அறுபத்தொன்று, ஐம்பத்து நான்கு கிலோ. கல்யாணத்துக்குத் தைத்த சட்டை இன்றைக்கும் பொத்தான் சேரும்.

நான் பொதுவாக யாரிடமும் வாயைத் திறக்கிறவன் இல்லை. இந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஆறே முக்காலிலிருந்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறேன். வெறும் வயிறு என்றால் வாய் தானாகப் பேசும் போலிருக்கிறது. உங்கள் டோக்கன் இருபத்து மூன்று, என்னுடையது இருபத்திரண்டு. இப்போது உள்ளே போனது ஒன்பது. நேரம் இருக்கிறது.

மடியில் இருக்கிற டப்பாவையே பார்க்கிறீர்கள். கச்சாயம். வெல்லப்பாகில் அரிசிமாவு பிசைந்து எண்ணெயில் சுட்டது. ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட நல்லம்மாள் போட்டுக் கொடுத்தாள். ஒற்றைப்படையில்தான் போடுவாள். ஏழு. நீங்கள் அந்தப் பக்கம் பாருங்கள். உங்களைப் போன்ற உடம்புக்காரரை நம்பி இதை நாற்காலியில் வைத்துவிட்டு நான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டேன்.

என் வேலை இலை. சத்தி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் முப்பத்து நான்கு வருஷமாக ஸ்டோர் ரூம் என் பொறுப்பு. மளிகை, பாத்திரம் எல்லாம் என் சாவியில்தான். ஆனால் எல்லோரும் கூப்பிடுவது இலைக்காரர் என்று. ஒரு கட்டுக்கு நூறு இலை. பந்திக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுப்பேன். எல்லாம் முடிந்ததும் மீந்ததை எண்ணுவேன். கொடுத்ததில் மீந்ததைக் கழித்தால் சாப்பிட்டவர்கள். சமையல்காரர் எண்ணூறு பேர் என்பார். பெண் வீட்டார் அறுநூறுதான் என்பார்கள். சட்டையைப் பிடிக்கப் போவார்கள். அப்போது நான் போய் நின்று, “எழுநூற்றிப் பன்னிரண்டு” என்பேன். பேச்சு அடங்கிவிடும். ஆறாவது வரை படித்தவன் சொன்ன கணக்கை வக்கீல் வீட்டுக் கல்யாணத்தில்கூட மறுத்ததில்லை.

அந்த ஸ்டோர் ரூம் வாசலில் நின்று பார்த்தால் தெரியும், ஊர் எப்படி ஊதிப்போனது என்று. நான் சேர்ந்தபோது ஒரு வரிசைக்கு முப்பது நாற்காலி. இன்றைக்கும் அதே சுவர், அதே நீளம், இருபத்தைந்து நாற்காலிதான் பிடிக்கிறது. மீதி ஐந்து பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை, மற்றவர்களின் இடுப்பில் இருக்கிறார்கள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியை முதலாளி எடுத்தே விட்டார். ஆள் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வருகிறது. கிழவர்கள் இல்லை, தம்பி. எல்லாம் இருபத்தைந்து, முப்பது வயதுப் பயல்கள். மாலை கட்டுகிற ஆள் இப்போதெல்லாம் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்பதில்லை, எடையைக் கேட்கிறான்.

எனக்கு அவர்களைப் பார்த்தால் பாவம் என்று தோன்றாது. அருவருப்பாக இருக்கும். சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை பாயசம் கேட்கிற கையில் கைக்கடிகாரம் சதைக்குள் புதைந்திருக்கும். அந்தக் கடிகாரம் அவன் எத்தனை அடி நடந்தான் என்று எண்ணுமாம். நடக்கிறவனுக்கு எதற்கு அது?

நான் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. கூச்சம். நாலு பேர் பார்க்க வாயைத் திறப்பது எனக்கு வராது. சமையல்கட்டில் நின்றபடி வடைக்கு உப்பு சரியா, ஜிலேபி முறுகிவிட்டதா, நெய் காறுகிறதா என்று கையில் வாங்கி வாயில் போட்டுப் பார்ப்பேன். அது சாப்பாடு இல்லை, மேற்பார்வை. மண்டபத்தில் ஒரு சட்டம் உண்டு: இலை போடாமல் தின்றது கணக்கில் வராது. பரிமாறுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர், நான், யாருக்கும் இலை கிடையாது. இலை இல்லை என்றால் ஆள் சாப்பிடவில்லை. அப்படித்தான் முப்பத்து நான்கு வருஷமாகக் கணக்கு நேராக நிற்கிறது.

பதின்மூன்று போய்விட்டது. வேகமாகத்தான் குத்துகிறாள் அந்தப் பெண்.

பெண் பார்த்த கதைக்கு வருகிறேன். அன்றைக்கு வாழைக்காய் பஜ்ஜி. பத்துப் பத்தாக ஐந்து ஈடு, ஐம்பது. நான் அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பையன் படியேறி வந்தான். கதவின் ஒரு பாதியைத்தான் திறந்து வைத்திருந்தோம். நல்லம்மாள் ஓடிப்போய் இன்னொரு பாதியையும் திறந்தாள். இவன் எட்டுத் தின்பான் என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

காபி கொடுத்தாயிற்று. கோகிலவாணி வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். தரகர் சென்னியப்பன் பஜ்ஜியும் பேச்சுமாக, “மாப்பள்ளை கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனிங்ணா. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. தங்கம்” என்றார். “தங்கம் இத்தனை கிலோவா?” என்று கேட்க வாய் வந்தது. கூச்சத்தால் கேட்கவில்லை. “ஜாதகம் கொண்டாந்திருக்கீங்ளா?” என்று மட்டும் கேட்டேன்.

பையன் ஒரு உறையை நீட்டினான். உள்ளே ஜாதகம் ஒன்று. அதோடு இன்னொரு காகிதம். அதில் கட்டம் இருந்தது, ராசி இல்லை. எண்ணாக இருந்தது.

“அது என்ற ரத்த ரிப்போர்ட்டுங் மாமா” என்றான்.

அவன் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “டேய் லோகு, அதெல்லாம் இப்ப எதுக்குடா?”

“அப்பறமா தெரிஞ்சா தப்பும்மா” என்றவன், என்னைப் பார்த்துச் சொன்னான்: “ரெண்டு வருசத்துக்கு முந்தி நூத்திப் பதினெட்டு கிலோ இருந்தனுங். உக்காந்தே வேலை, உக்காந்தே தீனி. ரத்தத்துல கொழுப்பு எக்கச்சக்கமா ஏறிப்போச்சு. டாக்டர் ஒரு மணி நேரம் திட்டுனாரு. இப்ப தொண்ணூத்தாறு. கெட்ட கொழுப்பு நூத்தியிருவத்தெட்டுக்கு வந்துருச்சு. தெனமும் ஒரு மாத்திரை சாப்படறேன். மறைச்சுக் கட்டிக்கப் பிரியமில்லீங்.”

சென்னியப்பனுக்குப் பஜ்ஜி தொண்டையில் நின்றுவிட்டது. “மாப்பள்ளைக்குத் தமாசு ஜாஸ்திங்ணா” என்று இருமிக்கொண்டே சொன்னார். அது அவருக்கு ஐந்தாவது.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். நெருப்புக்குச் சாட்சி புகை போதாதா? குண்டாக இருக்கிறவன் குண்டு என்பதற்கு ஆஸ்பத்திரிக் காகிதம் எதற்கு? பெண் கேட்டு வந்த வீட்டில் அதை எடுத்து நீட்டுகிறானே, வெட்கம் என்பது அந்த உடம்பில் எந்த மடிப்பில் இருக்கிறது என்று நினைத்தேன்.

அதோடு நிறுத்தினானா? என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “தப்பா நெனைக்காதீங் மாமா. உங்க கண்ணு மூலையில மஞ்சளா இருக்குதுங்களே, அது எத்தனை வருசமா இருக்குதுங்?”

இதோ, மூக்கோரம், இமைமேல். வெண்ணெய் ஒட்டினாற்போல் இருக்கிறதல்லவா. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இது எங்கள் குடும்பத்து அடையாளம். லட்சுமி பொட்டு என்போம். என் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் இருந்தது. தம்பி முத்துசாமிக்கு முப்பது வயதிலேயே வந்துவிட்டது. அதைத்தான் பையனிடம் விளக்கமாகச் சொன்னேன். எங்கள் வம்சத்தில் ஒருவனும் குண்டு கிடையாது. ஒருவனும் படுக்கையில் கிடந்து இழுத்துக்கொண்டு சாகவில்லை. அப்பா நாற்பத்து நான்காம் வயதில் சந்தையில் தேங்காய் விலை பேசிக்கொண்டே சாய்ந்தார். முத்துசாமி முப்பத்தொன்பதில் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திட்டில் உட்கார்ந்தான், அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரு நாள் மருந்து குடித்ததில்லை. நோயே இல்லாத உடம்பு. “அந்த மாதிரி சாவுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்” என்று சொன்னேன்.

 பையன் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டான். பாதி கடித்தது. பிடிக்கவில்லை போல. சிவகாமி சட்டென்று எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அடுப்பில் எதையோ வைத்து மறந்துவிட்டாள் என்று நினைத்து நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் என்ன?

திரும்பி வந்தால் என் மகள் பேசிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் பத்து வார்த்தை கேட்டால் ஒன்று சொல்கிறவள். “அந்தப் பேப்பரை நான் பாக்கலாங்ளா?” என்று அவனிடமே கேட்டு வாங்கி, ஜாதகத்தைக் கீழே வைத்துவிட்டு, அதைப் படித்தாள்.

அவர்கள் போனதும் பஜ்ஜியை எண்ணினேன். தரகர் ஆறு, பையனின் மாமன் ஐந்து, அப்பா நான்கு, அம்மா இரண்டு, பையன் ஒன்று. பாதிதான் தின்றான், ஆனால் எடுத்தது ஒன்று. பதினெட்டு. எங்கள் பெண்கள் மூன்று பேரும் சேர்ந்து ஐந்து. ஆக இருபத்து மூன்று. இருபத்தேழு இருக்க வேண்டும். இருந்தது பத்தொன்பது. எட்டு உதைத்தது. எட்டுத் தின்பான் என்று எழுதி வைத்தேனே, அந்த எட்டு! பையன் எப்போது எடுத்திருப்பான் என்று யோசித்தேன். சட்டைப்பையா?

நல்லம்மாள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். “அடுப்படியில நின்னுட்டே தின்னீங்களே, அதை எண்ணுனீங்ளா?”

“அது ருசி பாத்தது.”

“ஆமா. எட்டு ஈட்டுக்கு எட்டு ருசி.”

“ஈடு அஞ்சுதான்” என்றேன். கணக்கைத் தப்பாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

“நீங்க தின்னதுக்கு யாரு எலை போட்டா, எண்ணறதுக்கு?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். படிக்காதவள்.

பதினேழு கூப்பிட்டாயிற்று. அந்த அம்மாள் நடப்பதைப் பாருங்கள். சரி, பார்க்க வேண்டாம், உங்களுக்கு உறுத்தும்.

அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாம் என்றிருந்தேன். நல்லம்மாள் விடவில்லை, மண்டபத்தில் ஒரு தேதியைக் கேட்டு வைக்கச் செய்தாள். என் மகளும் அந்தப் பையனும் அதற்குள் போனில் பேசத் தொடங்கிவிட்டார்கள். என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? சினிமாவா, பாட்டா? ரத்தம். ஒரு சனிக்கிழமை அவளாகவே இந்த ஊருக்கு வந்து, இதே கூடத்தில், ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அன்று மத்தியானமே காகிதம் வந்தது. கெட்ட கொழுப்பு இருநூற்று முப்பத்தெட்டு.

தொண்ணூற்றாறு கிலோ தடியனுக்கு நூற்றிருபத்தெட்டு. நாற்பத்தாறு கிலோக் கொத்தவரங்காய்க்கு இருநூற்று முப்பத்தெட்டு. பாத்திரம் இருந்தால்தானே பண்டம்? எங்கே வைப்பாள் அவள் அத்தனை கொழுப்பை? எனக்கு ஒரு நொடியில் விஷயம் புரிந்துவிட்டது. குப்பியில் ஒட்டுகிற சீட்டு மாறிவிட்டது. யாரோ ஒரு குண்டனின் ரத்தத்துக்கு என் மகள் பெயரை ஒட்டிவிட்டார்கள். நானே நேரில் வந்து சொன்னேன். கூச்சத்தை விட்டுவிட்டு, இதோ இந்த மேஜை முன்னால் நின்று, “எண்ணி ஒட்டுங்க” என்று சொன்னேன். மறுபடியும் எடுத்தார்கள். இருநூற்று முப்பத்தாறு. இரண்டுதான் குறைந்தது. இரண்டு தடவையும் அதே குண்டனுடைய சீட்டு எப்படி மாறும் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்புறம் மகளும் நல்லம்மாளும் டாக்டரம்மாவிடம் போனார்கள். நானும் கூடப் போய் மூலையில் நின்றேன். அந்த அம்மா நல்ல தாட்டியானவர்தான். எனக்கு மரியாதை வரவில்லை. அவர் சொன்னார்: “இது தின்னு ஏறுனது இல்லைம்மா. பொறக்கும்போதே வந்தது. அப்பா, அம்மா, யாரோ ஒருத்தர்கிட்ட இருந்து வந்திருக்கும். ஒல்லியா இருந்தாலும் வரும். மாத்திரை எடுத்தா அடங்கும், பயப்படாதே. வீட்டுல யாராவது சின்ன வயசுலயே திடீர்னு போயிருக்காங்களா?”

என் மகள் இரண்டு விரலைக் காட்டினாள்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி என் கண்ணைப் பார்த்தார். எல்லோருக்கும் இதே வேலை. “அப்பாவும் அம்மாவும் ரத்தம் குடுங்க” என்றார்.

அந்தக் கொழுப்பை நான் கொடுத்தேனாம்! நான் என் மகளுக்கு என்ன கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாதா? எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் ஒன்று. கொலுசு மூன்று ஜோடி, அதில் ஒரு கால் தொலைந்தது. படிப்பு பதினைந்து வருஷம். வாரம் தவறாமல் மண்டபத்தில் மீந்த லட்டு, மைசூர்பாகு. இந்தப் பட்டியலில் கொழுப்பு எங்கே இருக்கிறது?

நல்லம்மாள் மறுநாளே கொடுத்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் இல்லை, சுத்தம் என்று வந்தது. அவள் எழுபத்தொரு கிலோ! அப்போதே தெரிய வேண்டாமா உங்களுக்கு, இந்தக் கூடத்தின் லட்சணம்?

ஆக, மீதி நான் ஒருவன்தான் என்றார்கள். நான் முடியாது என்றேன். ஊசிக்குப் பயம் என்று நினைக்காதீர்கள். தெரியாத பெண்பிள்ளை முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்காருவது எனக்குக் கூச்சம். மேலும் நோய் இல்லாதவனுக்குச் சோதனை எதற்கு? மண்டபத்து மாடிக்குப் பதினான்கு படி. இன்றைக்கும் இரண்டு கட்டு இலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிறேன். ஒன்பதாவது படியில் ஒரு நிமிஷம் நிற்பேன். மூச்சுக்காக இல்லை, தோளை மாற்றிக்கொள்ள. நெஞ்சில் ஏதோ கட்டை வைத்தாற்போல் இருக்கும், அது வாயு. போன வருஷம் பதினொன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தேன். இப்போது ஒன்பது.

இருங்கள், இருபது போகிறது. இன்னும் ஒன்று, அப்புறம் நான்.

என் மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒருநாள் காலையில் வேலைக்குப் புறப்படும்போது கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். இடது கண் மூலையில் பவுடரை அப்பிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கடுகளவு மஞ்சள். இருபத்தைந்து வயதிலேயே! எனக்கு நாற்பதில்தான் வந்தது. “லட்சுமி வந்துட்டாளே, கண்ணு” என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

“சித்தப்பாவுக்கு வந்த லட்சுமிங்களா?” என்றாள்.

கீழே கிடந்த பவுடர் டப்பா மூடியை எடுத்து நீட்டினேன்.

“அப்பா, ஆவணி பதினேழுக்கு மண்டபம் கேட்டு வெச்சிருக்கீங்க. எனக்குச் சம்மதம். அவங்களுக்கும் சம்மதம். ஆனா நீங்க ரத்தம் குடுத்து, என்னான்னு தெரிஞ்ச பொறகுதான் தேதி. மேடையில என்ற கையைப் புடிச்சுத் தாரை வாக்க நீங்க நிக்கோணும். பாதியில உக்காந்துரக் கூடாது.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பவுடர் டப்பாவை மூடிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு இரண்டு தடவை வந்தேன். இது மூன்றாவது. முதல் தடவை பஸ் ஸ்டாண்டில் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். மாவு சரியாகப் புளித்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு வாங்கி, நின்றபடியே பார்த்தேன். இங்கே வந்தால் அந்தப் பெண், “ஏதாச்சும் சாப்ட்டீங்ளாய்யா?” என்றாள். இல்லை என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேனா? கையைப் பிடித்தவள் விரல் நுனியைப் பார்த்தாள். எண்ணெய். “அப்பறம் இது என்னங்க?” என்று கேட்டு, அந்தக் கூட்டத்தின் முன்னால் சிரித்தாள். போ என்று அனுப்பிவிட்டாள்.

இரண்டாவது தடவை அந்தப் பையன் காரில் கூட்டிவந்தான். கோயமுத்தூரிலிருந்து அதற்கென்றே காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு வந்தானாம். யார் வரச் சொன்னது? வழியில் டயருக்குக் காற்றுப் பிடிக்க நிறுத்தினான். பக்கத்தில் டீக்கடை. ஒரு டீ, இரண்டு பிஸ்கட், நின்றபடி. திரும்பிப் பார்த்தால் அவன் காற்றுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறான். நன்றாகத் திட்டியிருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன். “பரவால்லீங் மாமா, இன்னொரு நாளைக்குப் போலாம்” என்று காரைத் திருப்பிவிட்டான். அவனும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தான், எனக்குத் துணையாக. அன்றைக்கு வீடு வரைக்கும் அவன் வயிறு கத்தியது. நான் எண்ணினேன், பதினோரு தடவை. தின்று வளர்ந்த வயிறு, கத்தத்தானே செய்யும்.

இருபத்தொன்று உள்ளே போய்விட்டது.

இன்றைக்கு யாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்தேன். மண்டபத்தில் ஆவணி பதினேழை எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்று சாயங்காலத்துக்குள் சொல்லவில்லை என்றால் கேட்டிருக்கிற இன்னொருவருக்குப் போய்விடும். முப்பத்து நான்கு வருஷம் ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் இலை எண்ணியாயிற்று. என் மகள் கல்யாணத்துக்கு எத்தனை கட்டு என்று போட்டு வைத்திருக்கிறேன். ஒன்பது கட்டு. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எல்லாம் அதே ஆகிருதி. இருந்தாலும் ஆளுக்கு ஓர் இலைதான்.

புறப்படும்போது நல்லம்மாள் டப்பாவைக் கையில் கொடுத்து, “ஏழு” என்றாள்.  அவள் சத்தமாக எண்ணி நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணிப் போட்டாள். எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள்!

பஸ்ஸில் இந்த டப்பா மடியில் சுடச்சுட இருந்தது. வெல்ல வாசம், ஏலக்காய் வாசம். முன்சீட்டில் ஒரு தடியன் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு தடவை மூடியைத் திறந்தேன். பாகு பதம் சரியா என்று... இல்லை, விடுங்கள். திறந்தேன், மூடினேன். எனக்கே சிரிப்பாக இருந்தது. அறுபத்தொரு வயதில் ஒரு பலகாரத்தைப் பார்த்துக் கை தானாக மூடிக்குப் போகிறது. உங்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் இருக்குமா? தெரியாது. நான் யாரையும் இதுவரை கேட்டதில்லை.

“அர்த்தநாரி... அர்த்தநாரி யாருங்க?”

நான்தான். வருகிறேன், அம்மா. ஊருக்கே கேட்கும்படி கூப்பிட வேண்டுமா?

டப்பாவை உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். இதைப் பிடியுங்கள், தம்பி. வேறு யாரிடம் கொடுப்பேன்? கையை நன்றாகக் கொடுத்துப் பிடியுங்கள். இல்லை, முதலில் திறங்கள். இறுக்கமான மூடி, அழுத்தித் திறங்கள். எண்ணுங்கள். நான் சொல்ல மாட்டேன், நீங்களே உங்கள் கண்ணால் எண்ணுங்கள். அந்தப் பெண் கேட்டால் சாட்சி வேண்டும். கேட்காவிட்டாலும் வேண்டும். ஒன்று விளிம்பு உடைந்திருக்கும், பஸ் குலுங்கியதில் உடைந்தது. துண்டும் டப்பாவிலேயே கிடக்கிறது பாருங்கள், ஓரத்தில். சேர்த்து ஒன்றாகத்தான் எண்ண வேண்டும்.

வாய்விட்டு.

ஆமாம். நல்லம்மாள் போட்டது ஏழு. மீதி ஏழு.